பணியிடக் காயங்களுக்கான இயன்முறை மருத்துவம்

பணியிடக் காயங்களுக்கான இயன்முறை மருத்துவம் என்பது, வேலையின்போது நேர்ந்த விபத்தினாலோ வேலையின் தன்மையால் நாளடைவில் உண்டான உடற்கேட்டினாலோ பாதிக்கப்பட்ட ஒருவரை மீண்டும் வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் மருத்துவப் பணியாகும். பேச்சு வழக்கில் பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் பிற கிளைகளில், வலி தணிவதும் மூட்டின் அசைவு மீள்வதும் சிகிச்சையின் முடிவாகக் கொள்ளப்படலாம். இத்துறையில் அவை இடைநிலைகள் மட்டுமே. ஒரு தச்சரின் தோள் வலியின்றி உயர்வதோடு சிகிச்சை முடிவதில்லை. அவரால் பலகையைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு திருகாணியை முடுக்க இயலுகிறதா, அதை நாள் முழுவதும் செய்ய இயலுகிறதா என்பதே இங்கு வினா.

முழுமையாகக் குணமான பின்னரே வேலைக்குச் செல்ல வேண்டும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள், குறிப்பாக இடுப்பு வலி பற்றியவை, இக்கருத்தை மாற்றின. அளவறிந்து மாற்றியமைக்கப்பட்ட வேலை, சிகிச்சையால் கிடைக்கும் பயன் மட்டுமன்று. அதுவே சிகிச்சையின் ஒரு பகுதியும் ஆகும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு.

காயங்களின் வகைகள்

பணியிடக் காயங்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். விழுதல், நசுங்குதல், வெட்டுப்படுதல், திடீரெனப் பாரம் தூக்குதல் போன்றவற்றால் ஒரு நொடியில் நேர்வன முதல் வகை. எலும்பு முறிவு, தசைநாண் அறுதல், மூட்டுப் பிசகு, இடுப்புப் பிடிப்பு ஆகியவை இதில் அடங்கும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், வளைந்த நிலையில் நீண்ட நேரம் இருத்தல், அதிரும் கருவிகளைப் பிடித்திருத்தல் ஆகியவற்றால் மெல்ல மெல்ல உண்டாவன இரண்டாம் வகை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குறுதல், முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் நோவு, தோள்பட்டைத் தசைநாண் தேய்வு ஆகியவை இவ்வகையின.

இழப்பீட்டுச் சட்டங்கள் முதல் வகையை எளிதில் ஏற்கின்றன. அதற்கு நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. இரண்டாம் வகைக்கு அவை இல்லாததால், நோய் வேலையினால் வந்ததா வயதினால் வந்ததா என்ற வழக்கு எழுகிறது.

வரலாறு

சுவீடனில் பெர் என்றிக் லிங் 1813இல் இசுட்டாக்கோமில் நிறுவிய உடற்பயிற்சி நிறுவனமும், இங்கிலாந்தில் நான்கு செவிலியர் 1894இல் தொடங்கிய பயிற்சி பெற்ற உடல்பிடிப்போர் சங்கமும் இயன்முறை மருத்துவத்தின் தொடக்கங்களாகக் கூறப்படுகின்றன. ஆனால் காயம்பட்டவரை வேலைக்குத் திருப்புதல் என்ற நோக்கம் வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜெர்மனி 1884இல் தொழில் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு ஆயுள் முழுதும் ஓய்வூதியம் தருவதைவிட, அவரைத் தேற்றி வேலைக்கு அனுப்புவது செலவு குறைந்தது என்பதைக் காப்பீட்டுச் சங்கங்கள் விரைவில் உணர்ந்தன. அவ்வாறு எழுந்ததே, 1890இல் போகும் நகரில் சுரங்கத் தொழிலாளருக்காகத் திறக்கப்பட்ட பெர்க்மான்சைல் மருத்துவமனை. உலகின் முதல் விபத்து மருத்துவமனையாக இது குறிப்பிடப்படுகிறது.

முதலாம் உலகப் போர் இத்துறைக்கு ஆள்பலம் தந்தது. ஐக்கிய அமெரிக்காவில் காயமுற்ற படைவீரரைப் பயிற்றுவிக்கப் பெண்கள் மறுசீரமைப்பு உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் முதல்வரான மேரி மெக்மில்லன், 1921இல் அந்நாட்டின் முதல் இயன்முறை மருத்துவர் சங்கத்தின் தலைவரானார்.

ஓய்வு பற்றிய கருத்து மாற்றம்

இடுப்பு வலிக்குப் படுக்கை ஓய்வு என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கேள்வியின்றிக் கடைப்பிடிக்கப்பட்டது. அறுந்த திசு ஒட்ட வேண்டுமானால் அசையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. ஆனால் படுத்திருக்கும் உடலில் தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, இதயமும் நுரையீரலும் உழைப்புக்குரிய பழக்கத்தை இழக்கின்றன. மூன்று வாரம் படுத்திருந்த சுமைதூக்குநர் எழும்போது, இடுப்பு வலி குறைந்திருந்தாலும் பழைய சுமைக்கு அவர் உடல் ஈடுகொடுப்பதில்லை. அந்நிலையில் தூக்க முயன்று மீண்டும் வலி வந்தால், இன்னும் குணமாகவில்லை என்று கருதி மீண்டும் படுக்கிறார்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்ட்டர் இசுபிட்சர் தலைமையிலான குழு 1987இல் வெளியிட்ட அறிக்கை, இடுப்பு வலியால் விடுப்பில் செல்வோருள் பெரும்பாலோர் சில வாரங்களில் திரும்பிவிடுகின்றனர் என்றும், பல மாதங்கள் திரும்பாத ஒரு சிறு தொகையினரே மொத்தச் செலவின் பெரும்பகுதிக்குக் காரணம் என்றும் காட்டியது. அதே ஆண்டில் கிளாசுக்கோவைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் கார்டன் வாடெல், இடுப்பு வலியை உடல், மனம், சமூகச் சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்த சிக்கலாகக் காண வேண்டும் என்று எழுதினார்.

பின்லாந்தின் எல்சிங்கி நகராட்சி ஊழியரிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வு பலரை வியக்க வைத்தது. திடீர் இடுப்பு வலி கண்ட 186 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும், ஒரு குழுவுக்கு முதுகை அசைக்கும் பயிற்சிகளும் தரப்பட்டன. மூன்றாம் குழுவினர் வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துவருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். மூன்றாம் குழுவே விரைவில் தேறியது. படுக்கை ஓய்வு தோற்றதை மட்டுமே இவ்வாய்வு காட்டுவதாகப் பலர் எடுத்துரைப்பர். தொடக்க நாள்களில் தரப்பட்ட தனிப் பயிற்சிகளும் இயல்பு வாழ்க்கையை வெல்லவில்லை என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பயிற்சி எப்போது பயன்படுகிறது என்பதற்கு, சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள வால்வோ தொழிற்சாலையில் நடந்து 1992இல் வெளியான ஆய்வு விடை தருகிறது. இடுப்பு வலியால் 8 வாரம் விடுப்பில் இருந்த 103 தொழிலாளர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மறு பிரிவினருக்கு உடல்திறன் அளக்கப்பட்டது; இயன்முறை மருத்துவர் அவர்களது பணியிடத்தைச் சென்று பார்த்தார்; முதுகைப் பற்றிய விளக்கம் அளிக்கப்பட்டது; படிப்படியாக உயரும் பயிற்சி தரப்பட்டது. மறு பிரிவினர் விரைவில் வேலைக்குத் திரும்பினர். இரண்டாம் ஆண்டில் இடுப்பு வலிக்காக அவர்கள் எடுத்த விடுப்பு சராசரியாக 12.1 வாரமாகவும், மற்றவர் எடுத்தது 19.6 வாரமாகவும் இருந்தது.

சிகிச்சை முறை

முதல் சந்திப்பில் இயன்முறை மருத்துவர் செய்ய வேண்டியது, உடனடியாக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை உள்ளதா என்று பார்ப்பது. பெரிய விபத்துக்குப் பின் வரும் முதுகெலும்பு வலி, காய்ச்சலுடன் கூடிய வலி, காரணமற்ற எடை இழப்பு, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்விழப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை ஆகியவை சிவப்புக் கொடிகள் எனப்படும். இவற்றுள் இறுதியில் கூறப்பட்டவை முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் அறுவை சிகிச்சை தாமதமானால் பாதிப்பு நிலைத்துவிடும்.

அடுத்து, வேலை எத்தகையது என்று கேட்டறியப்படுகிறது. தொழிலின் பெயர் இதற்குப் போதாது. ஓட்டுநர் என்றால் வண்டியை ஓட்டுவதோடு சரக்கையும் இறக்குகிறாரா, தையல் தொழிலாளி என்றால் இருக்கைக்குச் சாய்மானம் உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எழ முடியும் என்பன போன்ற விவரங்கள் தேவை. சிகிச்சையின் இலக்கு இவற்றிலிருந்தே அமைகிறது.

காயம்பட்ட திசு ஆறுவதற்கென ஒரு கால ஒழுங்கு உண்டு. வீக்கமும் சூடும் உள்ள முதல் சில நாள்களில் காயத்தைக் காப்பதும், அதைச் சுற்றியுள்ள மூட்டுகளை அசைத்துவருவதும் போதும். அடுத்த சில வாரங்களில் புதிய நார்த்திசு உருவாகிறது. அது ஒழுங்கின்றிப் பின்னப்பட்டதாகவும் வலுக்குறைந்ததாகவும் இருக்கும். அதன்மீது அளவான இழுவிசை படும்போது நார்கள் விசையின் திசையில் அணிவகுத்து வலுப்பெறுகின்றன. இம்மாற்றம் பல மாதங்கள் தொடரும். ஆகவே, விசையே படாத திசுவும் நலிகிறது. மிகையான விசை பட்ட திசுவும் அறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை வாரந்தோறும் கண்டறிவதே இயன்முறை மருத்துவரின் திறன்.

படிநிலைப் பயிற்சியில் ஒரு நுட்பம் உள்ளது. வலிக்கும் வரை செய்து வலித்ததும் நிறுத்துவது இயல்பான வழி. அவ்வாறு செய்தால் வலியே பயிற்சியை நடத்துகிறது. நிறுத்தியதும் கிடைக்கும் ஆறுதல், நிறுத்தும் பழக்கத்தை வலுப்படுத்துகிறது. வால்வோ ஆய்வில் பின்பற்றப்பட்ட முறை வேறு. ஒருவரால் இயன்ற அளவு முதலில் அளக்கப்பட்டு, அதற்குக் கீழேயே பயிற்சி தொடங்கப்படும். அன்றைய அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். நன்றாக இருக்கும் நாளிலும் அதை மீறக்கூடாது. சிறிது வலிக்கும் நாளிலும் அதைக் குறைக்கத் தேவையில்லை.

இறுதிக் கட்டத்தில் பயிற்சி வேலையின் உருவத்தைப் பெறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1980களில் பரவிய பணி வன்மையூட்டல் என்னும் முறையில், தொழிலாளி ஒரு நாளின் பல மணி நேரம் வேலைக்கு ஒப்பான செயல்களில் ஈடுபடுவார். கிடங்கில் மூட்டை இறக்குபவர், அதே உயரத்திலிருந்து எடையுள்ள பெட்டிகளை இறக்கி, அதே தூரம் நடந்து அடுக்குவார். ஓடுபொறியில் நடப்பதும் மீள்பட்டையை இழுப்பதும் இக்கட்டத்துக்குப் போதுமானவை அல்ல. இம்முறையோடு செயல்திறன் மதிப்பீடு என்னும் சோதனைத் தொகுதியும் வளர்ந்தது. எவ்வளவு எடை தூக்குவார், எவ்வளவு நேரம் குனிந்திருப்பார் என்று இதில் அளக்கப்படுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் இதனை விரும்பினாலும், சோதனையில் பெறும் மதிப்பெண் வேலையில் நிலைப்பாரா என்பதை ஓரளவுக்கே முன்னறிவிக்கிறது. ஒருவர் அன்று தூக்கத் துணியும் எடை, அவர் தசையின் வலுவை மட்டுமன்றி அவரது அச்சத்தையும் காட்டுகிறது.

கைக் காயங்கள்

விசை அழுத்திகளும் வட்ட ரம்பங்களும் உள்ள தொழிற்கூடங்களில் கையே அதிகம் காயப்படும் உறுப்புகளுள் ஒன்று. இங்கு இடுப்பு வலிக்குரிய பொது விதிகள் அப்படியே பொருந்தா. விரலை மடக்கும் தசைநாண், உள்ளங்கையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகிறது. அவ்விடத்தில் அறுந்து தைக்கப்பட்ட தசைநாணை அசையாமல் வைத்தால் அது உறையோடு ஒட்டிக்கொள்ளும்; விரல் மடங்காது. சற்று மிகையாக அசைத்தால் தையல் பிரிந்துவிடும். இவ்விடரால் அப்பகுதி அறுவை மருத்துவரிடையே யாரும் நுழையக்கூடாத நிலம் என்றே பெயர் பெற்றிருந்தது. உடனடியாகத் தைப்பது நெடுங்காலம் தவிர்க்கப்பட்டது.

1967இல் லூயிவில் நகரைச் சேர்ந்த ஹெரால்டு கிளைனெர்ட்டும் உடன்பணியாற்றியோரும், உடனே தைத்து, விரல் நகத்தில் பூட்டிய இரப்பர் பட்டையின் உதவியால் விரலை அசைக்கும் முறையில் நல்ல பயன் கிடைப்பதாக அறிவித்தனர். தொழிலாளி விரலைத் தானே நீட்டுவார். பட்டை அதை மடக்கும். தைத்த தசைநாண் தன் விசையைச் செலுத்தாமலேயே உறைக்குள் வழுக்கிச் சென்று வரும். இன்று பல மாற்று முறைகள் வந்துவிட்டாலும், தையல் போட்ட சில நாள்களிலேயே, புறங்கையில் கட்டிய காப்புச் சட்டத்துக்குள் விரலை அசைக்கத் தொடங்குவது அவற்றின் பொதுக் கூறு. ஏறத்தாழ 6 வாரத்தில் இலேசான கைவேலையும், ஏறத்தாழ 12 வாரத்துக்குப் பின் கடின வேலையும் அனுமதிக்கப்படுவது வழக்கம். வலி நின்றுவிட்டது என்று நான்காம் வாரத்தில் சுத்தியலைப் பிடிப்பவரின் தசைநாண் அறுவது இக்காலத்தில்தான். இடுப்பு வலியில் வலியைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் அதே மருத்துவர், இங்கு வலியின்மையை நம்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பணியிடத்தில் மாற்றம்

உடலைத் தேற்றி, காயப்படுத்திய அதே வேலைக்குத் திருப்பி அனுப்பினால் காயம் திரும்பும். கியூபெக்கின் சேர்புரூக் நகரில் பாட்ரிக் லுவாசெல் தலைமையில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 31 பணியிடங்களைச் சேர்ந்த, இடுப்பு வலியால் 4 வாரத்துக்கு மேல் விடுப்பிலிருந்த 130 தொழிலாளர் நான்கு பிரிவுகளாக்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை, மருத்துவமனை சார்ந்த சிறப்புச் சிகிச்சை, பணியிடம் சார்ந்த நடவடிக்கை, இரண்டும் இணைந்தது என்பன அப்பிரிவுகள். பணியிட நடவடிக்கையில் தொழிலாளியும் மேற்பார்வையாளரும் நிருவாகத்தின், தொழிற்சங்கத்தின் பேராளர்களும் கூடி, வேலையின் எக்கூறுகளை மாற்றலாம் என முடிவு செய்தனர். இரண்டும் இணைந்த பிரிவினர், வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட 2.41 மடங்கு விரைவாகத் தம் பழைய வேலைக்குத் திரும்பினர். அப்பயனின் பெரும்பகுதி பணியிட நடவடிக்கையிலிருந்தே வந்தது.

எதை மாற்றுவது என்பதற்கு அளவுகோல்கள் உண்டு. அமெரிக்கத் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய தூக்குதல் சமன்பாட்டின்படி, எல்லாச் சூழலும் உகந்ததாக இருக்கும்போது பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோகிராம். பொருள் உடலிலிருந்து 25 செ.மீ. தொலைவிலும் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் இருப்பது அவ்வுகந்த சூழலில் அடங்கும். உடலிலிருந்துள்ள தொலைவு 50 செ.மீ. ஆனால், பிற எல்லாம் மாறாதபோதும், எடை பாதியாகி 11.5 கிலோகிராம் ஆகிவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மேடையில் வைப்பதும், கையெட்டும் தூரத்தைக் குறைப்பதும் பல வாரப் பயிற்சிக்கு ஈடாகப் பயன் தருவது இதனாலேயே.

அச்சமும் நம்பிக்கையும்

நியூசிலாந்தில் 1974 முதல் விபத்து இழப்பீட்டை ஓர் அரசு அமைப்பே வழங்கி வருகிறது. அதன் சார்பில் 1997இல் வெளியான வழிகாட்டி, நீண்டகால முடக்கத்தை முன்னறிவிக்கும் உளச் சமூகக் கூறுகளை மஞ்சள் கொடிகள் என்று பெயரிட்டது. அசைந்தால் முதுகு கெட்டுவிடும் என்ற நம்பிக்கை, சோர்ந்த மனநிலை, செயல்களிலிருந்து ஒதுங்கல், பிறர் செய்யும் சிகிச்சையால் மட்டுமே குணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவை அவற்றுட் சில. மருத்துவரின் சொற்களே இந்நம்பிக்கைகளை விதைப்பதும் உண்டு. படத்தில் தெரியும் வயதுக்கேற்ற தேய்வைக் காட்டி எலும்பு தேய்ந்துவிட்டது என்று கூறும் ஒரு தொடர், அதைக் கேட்பவரைப் பல ஆண்டுகள் குனியவிடாமல் செய்யக்கூடும்.

இக்கொடிகள் தொழிலாளி நடிக்கிறார் என்பதற்குச் சான்றல்ல. அவ்வாறு அவை பயன்படுத்தப்பட்டதும் உண்டு என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது. சிகிச்சைக்குப் பணம் தருபவர் முதலாளியோ காப்பீட்டாளரோ ஆக இருக்கும்போது, இயன்முறை மருத்துவர் யாருடைய ஆள் என்ற ஐயம் தொழிலாளிக்கு எழுவது இயல்பு. எந்த வேலைகளைச் செய்ய இயலும், எவற்றை இயலாது என்பதை மட்டும் பணியிடத்துக்கு அறிவித்து, நோய் விவரங்களைத் தொழிலாளியின் ஒப்புதலின்றி வெளியிடாமல் இருப்பது இவ்வையத்தைக் குறைக்கும்.

சட்டமும் உதவித்தொகையும்

படிப்படியாக வேலைக்குத் திரும்புவது மருத்துவ முறையில் சரியானதாயினும், ஊதிய விதிகள் அதற்கு இடம் தராவிட்டால் நடைபெறாது. ஜெர்மனியில் படிநிலை மீள்சேர்க்கைக் காலத்தில், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் வேலை செய்யும் தொழிலாளி சட்டப்படி இன்னும் வேலைக்குத் தகுதியற்றவராகவே கருதப்பட்டு உதவித்தொகையைத் தொடர்ந்து பெறுகிறார். பிரித்தானியாவில் 2010 ஏப்ரலில், நோய்ச் சான்றிதழுக்கு மாறாகத் தகுதிக் குறிப்பு நடைமுறைக்கு வந்தது. வேலைக்குத் தகுதியில்லை என்பதோடு, வேலை நேரத்தையோ பணியையோ இடத்தையோ மாற்றினால் தகுதி உண்டு என்று குறிப்பிடவும் அதில் இடமுண்டு. 2022 சூலை முதல் இங்கிலாந்து, இசுக்காட்லாந்து, வேல்சு பகுதிகளில் இயன்முறை மருத்துவரும் இக்குறிப்பில் கையொப்பமிடலாம்.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், உடலுறுப்பு இழப்புகளுக்கு ஈட்டுத்திறன் குறைவை விழுக்காட்டில் பட்டியலிட்டது. கட்டைவிரல் இழப்புக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என அது அமைந்தது. இழந்த உறுப்பை இப்பட்டியல் எண்ணுகிறது. ஆனால் உறுப்பு இருந்தும் மடங்காத விரலுக்கு மருத்துவரின் மதிப்பீட்டையே நம்ப வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், மருத்துவ வசதியோடு, தற்காலிக இயலாமைக் காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வழங்கும் திட்டத்துக்கு வழி செய்தது. இது தாராளமான ஏற்பாடே. ஆயினும் ஊதியம் பெற்று வேலை செய்த நாளுக்கு உதவித்தொகை இல்லை என்று அச்சட்டத்தின் 63ஆம் பிரிவு கூறியது. எனவே சான்றிதழ் முழு விடுப்பையோ முழு வேலையையோ குறித்ததே தவிர, இரண்டுக்கும் நடுவிலுள்ள வாரங்களுக்கு எளிய வழி இருக்கவில்லை. இவ்விரு சட்டங்களும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இணைக்கப்பட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

அமைப்புசாராத் தொழிலாளர்

மேலே கூறப்பட்ட ஆய்வுகள் யாவும், நோயுற்றால் ஊதியத்துடன் விடுப்புக் கிடைக்கும் நாடுகளில் நடந்தவை. அங்கு சிக்கல், தொழிலாளி மிகத் தாமதமாகத் திரும்புவது. இந்தியத் தொழிலாளருள் பெரும்பான்மையினர் அமைப்புசாராத் துறையினர். நாட்கூலி பெறும் கட்டடத் தொழிலாளிக்கோ சுமைதூக்குநருக்கோ சிக்கல் தலைகீழானது. கட்டுப் பிரித்த மறுநாளே அவர் வேலைக்குத் திரும்புகிறார். அவர் தூக்கும் சிமெண்ட் மூட்டை 50 கிலோகிராம், அதாவது மேற்கூறிய சமன்பாட்டின் உச்ச அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். இயங்கிக்கொண்டிருப்பதே நல்லது என்ற அறிவுரையை இவரிடம் அப்படியே கூறுவது பொருத்தமாகாது.

இத்தகையோருக்கு இயன்முறை மருத்துவர் ஒரே சந்திப்பில் கூறக்கூடியவை சில உள்ளன. மூட்டையைத் தரையிலிருந்து தனியே தூக்காமல் இருவர் சேர்ந்து தோளிலோ தலையிலோ ஏற்றிவிடுதல், கலவைச் சட்டியைப் பாதி நிரப்பி இரு மடங்கு நடை நடத்தல், சில வாரங்களுக்குச் சுமக்கும் வேலையை விடுத்துக் கலவை போடுதல், செங்கல் நனைத்தல், கம்பி கட்டுதல் போன்றவற்றுள் காயத்துக்கு ஏற்றதை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பெறுதல் ஆகியவை அவை. தைக்கப்பட்ட தசைநாணும் பொருந்தாத எலும்பும் உள்ளவருக்கு மட்டும் இவ்வழிகள் போதா. அவருக்கு எந்த நாள் வரை அக்கையால் எதையும் தூக்கக்கூடாது என்பதை நாள்காட்டியில் குறித்துத் தருவதும், அதற்கான காரணத்தை வீட்டாரையும் வைத்துக்கொண்டு விளக்குவதும் வேண்டும்.